அம்மா பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார், பாரிசவாதம் வருமா?

கேட்டிருப்பவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி. அம்மாவுக்கு 54 வயது. மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் கிளினிக்கில் அளந்தபோது பிரஷர் 168/102. இரண்டு வகைக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் குடித்தவர், "தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, எனக்கென்ன வந்தது" என்று நிறுத்திவிட்டார். போன மாதம் பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாமா முறையான ஒருவர் விடியக்காலையில் பீலிக்கு முகம் கழுவப் போன இடத்தில் விழுந்து, வலது கையும் காலும் வராமல் போய்விட்டன. அம்மாவுக்கும் அப்படி வருமா, குளிசை தொடங்கினால் சாகும்வரை விட முடியாதாமே, உப்பைக் குறைத்தால் மட்டும் போதாதா என்று கேட்கிறார்.

தம்பி, வருமா வராதா என்று ஒரு தனி மனுசிக்கு எந்த டொக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அபாயம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லலாம். 2002இல் ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. 40 முதல் 69 வயது வரையுள்ளவர்களுக்கு மேல் அளவு 20 கூடும்போதெல்லாம் பாரிசவாதத்தால் சாகும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது என்பது அதில் தெரிந்தது. அம்மாவின் மேல் அளவு 168. அதே வயதில் 128 உள்ள ஒருவரோடு ஒப்பிட்டால் இரண்டு படி மேலே, அதாவது நான்கு மடங்குக்கு மேல். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதே கணக்கு கீழே இறங்கும்போதும் வேலை செய்கிறது. மேல் அளவை 10 குறைத்தாலே பாரிசவாதம் கால்வாசிக்கு மேல் குறைவதைப் பல மருந்துச் சோதனைகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வேறெந்த நோய்க்கும் இவ்வளவு மலிவான குளிசையில் இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம். 160/100ஐத் தாண்டிவிட்டால் மற்றக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிராமல் மருந்து தொடங்குவதுதான் வழக்கம், ஆகவே அம்மாவுக்குக் குளிசை கொடுத்தது சரியான முடிவு.

இனி அம்மா சொல்லும் காரணத்துக்கு வருவோம். தலையிடி இல்லை என்கிறார். பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கணக்கில், 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம், அவர்களில் 46 சதவீதத்தினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. உடம்பில் ஒன்றும் தெரியாததால்தான் இந்த நிலை. உள்ளே நடப்பதை விளக்க நம் ஊர் உதாரணமே போதும். மலை உச்சி ஊற்றிலிருந்து லயத்துக்கு இழுத்திருக்கும் கறுப்புப் பைப்பை நினைத்துப் பாருங்கள். கீழே வர வர அழுத்தம் கூடும். பல நாளைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஒருநாள் மெல்லிய கிளையில் வெடிக்கும், இல்லாவிட்டால் உட்புறம் தடித்து அடைத்துக்கொள்ளும். மூளையின் ஆழத்தில் இருக்கும் சின்ன நாளங்களில் இரண்டும் நடக்கின்றன. அடைத்தால் அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாது, வெடித்தால் மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும். பாரிசவாதங்களில் பெரும்பங்கு அடைப்பு வகை. வெடிப்பு வகை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உயிரை எடுப்பதில் அதுதான் முன்னால் நிற்கும்.

"நான் தினமும் மலை ஏறி இறங்குகிறேன், எனக்கு எப்படி பிரஷர்?" என்று பல அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொழுந்துக் கூடையைச் சுமப்பது உப்பையும் வயதையும் பரம்பரையையும் வாயில் அடக்கும் புகையிலையையும் ஈடுகட்டிவிடாது. குளிரும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. குளிரில் நாளங்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். விடியக்காலையில் உடம்பு எழும்பும்போதும் பிரஷர் தானாகக் கூடும், பாரிசவாதங்கள் காலை 6 மணிக்கும் மதியத்துக்கும் இடையில்தான் அதிகம். மாமா விடியக்காலையில் விழுந்ததை ஊரில் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள். மருத்துவத்தில் அந்த நேரத்துக்கு விளக்கம் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தில் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான விசயம் நீங்கள் கேட்காமல் விட்டது. அம்மா உண்மையில் ஏன் நிறுத்தினார்? "ஒன்றுமில்லை" என்பது பிள்ளைகளிடம் சொல்லும் பதில். தோட்டத்துப் பெண்கள் குளிசையை நிறுத்துவதை அறியாமை என்று சொல்லித் திட்டிவிட்டுப் போவது சுலபம். உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் வேறு கதை வரும்.

முதலாவது, சிறுநீர். பிரஷருக்குக் கொடுக்கும் குளிசைகளில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்று ஒன்று உண்டு. கிளினிக் கொப்பியில் எச்.சி.டி. என்று சுருக்கி எழுதுவார்கள். அது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். காலையில் குடித்துவிட்டு மலைக்குப் போனால் பத்து மணிக்குள் இரண்டு தரம் போக வேண்டிவரும். மலையில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? கங்காணி நிற்கிறார், பக்கத்து நிரையில் ஆட்கள், புதருக்குள் அட்டை. எந்தப் பெண்தான் அந்தக் குளிசையைத் தொடர்ந்து குடிப்பார்? சிலர் குளிசையை விடுவார்கள், சிலர் நாள் முழுக்கத் தண்ணீரை விடுவார்கள். அடக்கிக்கொண்டு நின்று சிறுநீர்த் தொற்றோடு வருபவர்களும் உண்டு. இதை ஆண் டொக்டரிடம் சொல்லவும் வெட்கம். அம்மாவின் கொப்பியில் இந்தக் குளிசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலை முடிந்து வந்து பின்னேரம் நாலு மணியளவில் குடிக்கலாமா, அல்லது வேறு குளிசைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேட்கலாம். பிரஷர் குளிசையைக் காலையில்தான் குடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2022இல் முடிவு வெளிவந்த சோதனையில், காலையில் குடித்தவர்களுக்கும் இரவில் குடித்தவர்களுக்கும் மாரடைப்பிலோ பாரிசவாதத்திலோ வித்தியாசம் இல்லை. இந்தக் குளிசையை மட்டும் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். நடு இரவில் குளிரில் எழும்பி வெளியே போய் வழுக்கி விழ வேண்டிவரும்.

இரண்டாவது, காசு. மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் கிளினிக் நாள் இலவசமில்லை. விடிய பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து வரிசையிலும் நின்று லயத்துக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. கொழுந்து நிறைய இருக்கும் காலமென்றால் மேலதிகக் கிலோவுக்கான காசும் போச்சு. பஸ் காசு, வழியில் தேத்தண்ணி வடை, இதெல்லாம் சேர்த்தால் மாதத்தில் ஒரு நாள் என்பது அம்மாவுக்குப் பெரிய செலவு. நீங்கள் கொழும்பிலிருந்து காசு அனுப்புகிறீர்கள் அல்லவா? கிளினிக் நாளுக்கென்று அந்த ஒரு நாள் சம்பளத்தைத் தனியாகப் போட்டு, "இது அன்றைக்குப் பேருக்கு" என்று சொல்லி அனுப்பிப் பாருங்கள். நூறு புத்திமதியை விட அது வேலை செய்யும். தோட்டத்துக்குக் கிட்டவே பிரதேச வைத்தியசாலை இருந்தால் கிளினிக்கை அங்கே மாற்றித் தரச் சொல்லலாம். பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து மருந்து தருவார்களா என்று கேட்பதிலும் தவறில்லை.

மூன்றாவது, குளிசை கொடுத்த தொந்தரவு. அம்லோடிபின் குடிப்பவர்கள் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உடனே "கிட்னி போச்சு" என்று லயமே பேசும். அது கிட்னி கெட்டதால் வரும் வீக்கம் இல்லை. குளிசை அளவைக் குறைத்தால் அல்லது மாற்றினால் வடிந்துவிடும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். நம் குளிரில் அதைச் சளி என்று நினைத்துப் பாணி மருந்து குடித்துக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் காசநோயோ என்று பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். லோசார்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் இருமல் போய்விடும். எதுவாக இருந்தாலும் சொன்னால்தானே மாற்றுவார்கள்.

ஏன் இரண்டு குளிசை, ஒன்று போதாதா என்றும் சிலர் சந்தேகப்படுவார்கள். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரே மருந்தைப் பெரிய அளவில் கொடுப்பதை விட இரண்டு மூன்று மருந்துகளைச் சிறிய அளவில் கொடுத்தால் பிரஷர் நன்றாக இறங்கும், தொந்தரவும் குறைவு. இதை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். இலங்கை ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய அளவு மூன்று மருந்தை ஒரே குளிசையாகக் குடித்தவர்களில் ஆறு மாதத்தில் 70 சதவீதம் பேருக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழக்கமான முறையில் 55 சதவீதம்தான்.

நான்காவது ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் தெரியும். முதுகு வலி, முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் குளிசை. கூடை சுமப்பவர்களில் அதைக் குடிக்காதவர் குறைவு. டைக்லோஃபெனாக், இப்யூபுரோஃபென் போன்றவை பிரஷரைக் கூட்டும், பிரஷர் குளிசையின் வேலையையும் கெடுக்கும், நாள்பட்டால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலிக்குப் பரசிட்டமோல் போதுமா என்று கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை வயிற்றிலிருந்த காலத்தில் பிரஷர் இருந்ததா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். அப்போது பிரஷரோடு சிறுநீரில் புரதமும் போன பெண்களுக்குப் பிற்காலத்தில் பாரிசவாத அபாயம் கூடுதல். இது டொக்டருக்குத் தெரிய வேண்டிய விசயம்.

சரி, உப்பு. குறைத்தால் நல்லது, ஆனால் 168க்கு அது மட்டும் போதாது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கிராம் கணக்கு சமையலறையில் யாருக்கும் உதவாது, ஆகவே பைக்கட்டால் கணக்குப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர் என்றால் மாதத்துக்கு 750 கிராம்தான் உச்சம். கருவாடு, அச்சாறு, பப்படம், சூப் கட்டி, நூடில்ஸ் பைக்கட், பிஸ்கட், பாண் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் அதற்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒரு கிலோப் பைக்கட் மாதம் முடியுமுன்னே தீரும் வீடு எங்கே நிற்கிறது என்று தெரியும். நம் வீடுகளில் உப்பு சேரும் இடம் ரொட்டி. மா பிசையும்போது உப்பு, தொட்டுக்கொள்ளும் சம்பலில் உப்பு, பக்கத்தில் பொரித்த கருவாடு. காலையிலும் அதே, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதிலும் அதே. மாவுக்கு உப்புப் போடுவதை நிறுத்திவிட்டுச் சம்பலில் மட்டும் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. குடிக்கலாம், சீனியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதை விடுவது உப்பைக் குறைப்பதற்குச் சமமாக முக்கியம். அப்பாவின் பீடிக்கும் கசிப்புக்கும் இதே பேச்சுத்தான்.

சாகும்வரை குடிக்க வேண்டுமா? பெரும்பாலும் ஆம். பழகிப்போய் விட முடியாமல் போகும் போதை இதில் இல்லை. குளிசை பிரஷரைக் குணப்படுத்துவதில்லை, குடிக்கும்வரை பிடித்து வைக்கிறது, விட்டால் பழைய இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். எடை குறைந்து உப்பும் குறைந்து பிரஷர் நன்றாக இறங்கினால் டொக்டரே அளவைக் குறைப்பார். இப்போது ஆறு மாதம் இடைவெளி விழுந்துவிட்டதால், பெட்டியில் கிடக்கும் பழைய குளிசையை எடுத்துத் தானாகத் தொடங்க வேண்டாம். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் மறுபடி அளந்து, சீனியும் சிறுநீரும் பார்த்து, புதிதாக எழுதி வாங்கட்டும். அளவு 180/120 தாண்டியிருந்து, நெஞ்சு வலி, மூச்சு முட்டல், கண் மங்கல், தாங்க முடியாத தலையிடி இவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படித்து, லயத்தில் உள்ள தங்கச்சிக்கோ சித்திக்கோ போனில் சொல்லி வையுங்கள். பாரிசவாதம் வந்தால் எப்படித் தெரியும்? திடீரென வாய் ஒரு பக்கம் கோணும், சிரிக்கச் சொன்னால் ஒரு பக்கம் மட்டும் அசையும். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னால் ஒன்று தானாகக் கீழே இறங்கும். பேச்சு குழறும், அல்லது சொல்வது விளங்காது. சிலருக்குத் திடீரெனத் தள்ளாட்டம், ஒரு கண்ணில் இருட்டு. இதில் ஒன்று இருந்தாலும் போதும், 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நாடு முழுக்க ஓடுகிறது. "பாரிசவாதம் மாதிரி இருக்கிறது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். மேல் டிவிஷன் லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் ஆளைப் பெரிய பாதைவரை இறக்கும் ஏற்பாட்டையும் அதே நேரத்தில் செய்யுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? அடைப்பு வகைக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து உள்ளே இரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ஹட்டனிலிருந்து கண்டிக்கே வளைவு வளைவான பாதையில் இரண்டு மணி நேரம் போய்விடும். லயத்தில் கூடி நின்று பேசிக் கழிக்கும் ஒரு மணி நேரம் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. கடைசியாக எப்போது ஆள் நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், டொக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் பையில் போட்டு அனுப்புங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரோ தேத்தண்ணியோ வாயில் ஊற்ற வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அஸ்பிரின் கொடுக்க வேண்டாம், வெடிப்பு வகையாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். பிரஷர் ஏறியிருக்கிறது என்று குளிசையை நாக்குக்கடியில் வைக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் பிரஷரைச் சட்டென்று இறக்கினால் தப்பியிருக்கும் மூளைப் பகுதிக்கும் இரத்தம் குறையும். எண்ணெய் தேய்ப்பது, காத்துச் சேட்டை என்று பூசாரியிடம் கயிறு கட்டுவது எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு உங்கள் விருப்பம். மயங்கிக் கிடந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

இன்னொரு ஆபத்தான விசயம், தானாகச் சரியாகிவிடும் பாரிசவாதம். வாய் கோணி, கை மரத்து, பத்து இருபது நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். "காத்துப் பட்டது, சரியாப்போச்சு" என்று அடுத்த நாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பாரிசவாதம் வருவதை 2000இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது, அதிலும் பாதி முதல் இரண்டு நாளுக்குள். உடனே மருந்து தொடங்கினால் இதைப் பெருமளவு தடுக்கலாம். ஆகவே சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அம்மாவுக்கு மெஷின் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று யோசிப்பீர்கள். வாங்கலாம். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம், மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள், பட்டி கைக்கு அளவாக இருக்க வேண்டும். மலையிலிருந்து வந்த கையோடு அளக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, கதிரையில் முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் இருக்க அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தேத்தண்ணியும் வெற்றிலையும் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தரமும் அளந்து இரண்டையும் கொப்பியில் எழுதட்டும். வீட்டில் 135/85க்கு மேல் நின்றால் கூடுதல் என்று கொள்ளலாம். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்று நாட்டுக் கிராமங்களிலும் சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய் அளந்து பேசி வந்த ஒரு சோதனையின் முடிவு 2020இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் மேல் அளவு மற்றவர்களை விடச் சராசரியாக 5 குறைந்தது. யாராவது தவறாமல் வந்து கேட்பதும் அந்தப் பலனுக்கு ஒரு காரணம். அந்த வேலையை நீங்கள் போனில் செய்யலாம். "குளிசை குடிச்சீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம்?" என்று கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. 35 தாண்டியிருந்தால் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அதற்குக் குறைந்த வயதென்றாலும், அம்மாவுக்கு இருப்பதால் ஒரு லீவு நாளில் நீங்களும் கையை நீட்டி அளந்துகொள்ளுங்கள்.